கணக்குக் கேட்பது குற்றமா?



சென்ற ஆடி வெள்ளியன்று பூஜை முடிந்து, அன்னதானப் பந்தியும் எழுந்த பிறகு, மண்டபத்தின் ஓரத்தில் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி ஒருத்தி, தேர்தல் சீர்திருத்தம் கேட்டு நாடாளுமன்றத்திற்கு மகஜர் கொண்டுபோகும் ஊர்வலம் எப்போது நடந்தாலும் தானும் அதில் நடக்கப்போவதாகச் சொன்னாள். அவளுடைய தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை.

“சாமி கும்பிட்டமா, படிச்சமான்னு இரும்மா. தெருவுல நின்னு கத்துறது நமக்கு எதுக்கு? நாங்க அறுபத்தொம்பதப் பார்த்தவங்க.”

“தாத்தா, தோட்டத்துல பால் நிறுக்கிறப்ப தராசை எட்டிப் பார்ப்பேன்னு சொல்வீங்களே, அது மட்டும் எதுக்காம்?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஆனால் சுற்றி நின்ற நாம் எல்லோரும் ஆளுக்கொரு பக்கமாகப் பேச ஆரம்பித்துவிட்டோம். வாகன நிறுத்துமிடம் வரை அந்தப் பேச்சு தொடர்ந்தது.

யாருக்கு வாக்களியுங்கள் என்று நமது மடல் எந்நாளும் சொன்னதில்லை, இனியும் சொல்லாது. ஆலயத்திற்கு வருபவர்களில் எல்லாக் கட்சியினரும் இருக்கிறார்கள். ஆனால் அன்று எழுந்த கேள்வி கட்சிக் கேள்வியன்று. ஆள்வோரிடம் கணக்குக் கேட்டு வீதியில் நிற்பது அமைதியை விரும்பும் மனிதருக்கு ஏற்ற செயல்தானா என்ற கேள்வி அது. அது அறத்தைப் பற்றியது. ஆகவே அதை இங்கே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் நடந்தவற்றை நினைவுபடுத்திக் கொள்வோம். ‘பெர்சே’ என்ற மலாய்ச் சொல்லுக்குச் சுத்தம் என்று பொருள். நியாயமான தேர்தலைக் கோரும் இயக்கம் ஒன்று 2006இல் அந்தப் பெயரில் தொடங்கியது. 2007 நவம்பர் 10ஆம் நாள் மஞ்சள் சட்டை அணிந்த பல்லாயிரம் பேர் மழையில் நனைந்தபடி மாமன்னரின் அரண்மனையை நோக்கி நடந்தார்கள். மஸ்ஜித் ஜாமேக் அருகே தண்ணீரையும் கண்ணீர்ப்புகையையும் எதிர்கொண்டார்கள். அதற்குப் பதினைந்தே நாட்களில், நவம்பர் 25இல், நம்மவர்கள் இண்ட்ராப் பேரணிக்காகத் தலைநகரில் திரண்டதையும் நாம் மறக்கவில்லை. அதன் கோரிக்கைகள் வேறு. ஆனால் வீதிக்கு வருவதா வேண்டாமா என்று நம் வீடுகளில் அன்று நடந்த விவாதம் இதேதான்.

2010இல் பெர்சே கட்சிகளிடமிருந்து விலகிப் பொது இயக்கமாக மறுபடி உருப்பெற்றது. வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவர் அம்பிகா சீனிவாசன் அதற்குத் தலைமை ஏற்றார். 2011 ஜூலை தொடக்கத்தில் அரசாங்கம் அந்த இயக்கத்தையே சட்டவிரோதமானது என்று அறிவித்தது. ஜூலை 9 பேரணியன்று கைது செய்யப்பட்டவர்கள் 1,600 பேருக்கும் அதிகம். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அந்தத் தடையை இரத்து செய்தது. 2012 ஏப்ரல் 28, 2015 ஆகஸ்ட்டு 29-30, 2016 நவம்பர் 19 என்று பேரணிகள் தொடர்ந்தன. கடைசிப் பேரணிக்கு முதல் நாள் அப்போதைய தலைவர் மரியா சின் அப்துல்லா கைதாகி, பத்து நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார்.

2011இல் இவர்கள் கேட்டது எட்டுக் கோரிக்கைகள். வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள், அஞ்சல் வாக்கு முறையைச் சீர்திருத்துங்கள், விரலில் அழியாத மை வையுங்கள், பிரசாரத்திற்குக் குறைந்தது 21 நாட்கள் கொடுங்கள், வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகைகளில் எல்லாத் தரப்பினருக்கும் நியாயமான இடம் கொடுங்கள், நீதித்துறை, காவல்துறை, தேர்தல் ஆணையம் போன்ற அமைப்புகளை வலுப்படுத்துங்கள், ஊழலை நிறுத்துங்கள், அசிங்க அரசியலை நிறுத்துங்கள். இந்த எட்டில் எங்காவது ஒரு கட்சியின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை. யார் ஆட்சியில் இருந்தாலும் யார் எதிர்க்கட்சியில் இருந்தாலும் இவை பொருந்தும்.

இனி அந்தப் பேத்தி கேட்ட தராசுக் கேள்விக்கு வருவோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் எடுத்து, வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வந்தால், அங்கே நிறுப்பவர் வேறு, எழுதுபவர் வேறு. கிராணி எழுதும் எண்தான் அன்றைய உழைப்பு. நம் அம்மாக்கள் தராசின் முன்னால் நின்று பார்த்தார்கள். எண் தவறாகத் தெரிந்தால், “ஐயா, இன்னொருக்கா நிறுத்துப் பாருங்க” என்றார்கள். அப்படிக் கேட்டவர் கிராணியைத் திருடன் என்று சொல்லவில்லை. தராசு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தராசை மதித்ததனால்தான் அது சரியாக நிறுக்க வேண்டும் என்று கேட்டார்.

வாக்குப்பெட்டியும் ஒரு தராசுதான். 2013 பொதுத் தேர்தலில் காப்பார் தொகுதியில் ஏறக்குறைய 144,000 வாக்காளர்கள் இருந்தார்கள். புத்ராஜெயாவில் ஏறக்குறைய 15,800 பேர்தான். இருவருக்கும் நாடாளுமன்றத்தில் ஓர் இடம். அதாவது காப்பாரில் ஒன்பது பேர் சேர்ந்து போட்ட எடை, புத்ராஜெயாவில் ஒருவர் போட்ட எடைக்குச் சமம். அதே தேர்தலில் அன்றைய எதிரணியினர் நாடு முழுவதும் சுமார் 51 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும் 222 இடங்களில் 89ஐத்தான் வென்றார்கள். சுமார் 47 விழுக்காடு பெற்ற தேசிய முன்னணி 133 இடங்களுடன் ஆட்சி அமைத்தது. ஊர்ப்புறத் தொகுதிகள் பரப்பில் பெரியவை, அவற்றுக்குச் சற்றுச் சலுகை வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் புத்ராஜெயா ஊர்ப்புறமன்று. இந்த எண்களைப் பார்த்த பிறகும், ‘இன்னொருக்கா நிறுத்துப் பாருங்கள்’ என்று ஒருவர் கேட்டால் அவரைக் கலகக்காரர் என்று எப்படிச் சொல்வது?

மையின் கதையும் அப்படியே. இந்தியாவில் 1962 முதல் வாக்காளர் விரலில் அழியாத மை வைக்கிறார்கள். இங்கே 2008 தேர்தலுக்கு மை வாங்கியும் வைத்தார்கள். வாக்களிப்புக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது அது வேண்டாம் என்று நிறுத்தினார்கள். 2013இல் முதல்முறையாக மை வந்தது. கழுவினால் போய்விடுகிறது என்ற புகாரும் கூடவே வந்தது. மை வைத்துக்கொள்வதில் யோக்கியமான வாக்காளருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அது அவருக்கும் பாதுகாப்பு.

இது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம், நம் மரபில் இல்லை என்று அன்று ஓர் அன்பர் சொன்னார். காஞ்சிபுரத்திற்கு அருகே உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிலை ஒட்டிய மண்டபச் சுவரில் உள்ள கல்வெட்டை அவருக்கு நினைவூட்ட விரும்புகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட விதிகள் அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். வெறுங்குடம் ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும்.

அந்த முறையில் குறைகளும் இருந்தன. நிலமும் சொந்த மனையும் கல்வியும் உள்ள அந்தணர் சபைக்கே அது உரியது; பெண்களுக்கும் ஊரின் ஏனைய மக்களுக்கும் அதில் இடமில்லை. அதை இன்று அப்படியே போற்ற வேண்டியதில்லை. ஆனால் விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஓலையை வாங்குபவரைத் திருடர் என்று நினைத்தா சொன்னார்கள்? அவர்மீது பிற்பாடு யாரும் பழி சொல்லிவிடக்கூடாது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது அல்லவா? இன்னொரு விதியும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலையில் பெயர் இடத் தகுதியற்றவர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கோயிற் சுவரில், கணக்குக் காட்டுவது பதவிக்குரிய முதற்கடமை என்று எழுதி வைத்தவர்கள் நம்மவர்கள்.

இனி தாத்தாவின் அச்சத்தைப் பார்ப்போம். அதைச் சிரித்து ஒதுக்குவது முறையன்று. 1969 மே 10இல் பொதுத் தேர்தல். அதைத் தொடர்ந்து ஊர்வலங்கள். மே 13இல் கோலாலம்பூரில் கலவரம். அரசாங்கக் கணக்குப்படியே 196 பேர் உயிரிழந்தார்கள். நாடாளுமன்றம் 1971 வரை கூடவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்கு, தெருவில் கூட்டம் என்றாலே வயிற்றைக் கலக்கும். 2015 பேரணி முடிந்து மூன்று வாரத்திற்குள், செப்டம்பர் 16இல், அதற்கு எதிராகச் சிவப்புச் சட்டைப் பேரணி ஒன்று நடந்தபோது, இன வாசனை வீசிய முழக்கங்களைக் கேட்டு நாமும் அஞ்சினோம்.

வேறொரு நஷ்டமும் உண்டு. மேலே சொன்ன பெர்சே பேரணிகள் எல்லாம் சனிக்கிழமைகளில் தொடங்கியவை. மஸ்ஜித் இந்தியாவிலும் லெபோ அம்பாங்கிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அதுதான் வியாபார நாள். கடையை மூடியவருக்கும், தினக்கூலி போனவருக்கும், அந்த நாளின் விலையை யாரும் கொடுக்கவில்லை. நியாயம் கேட்கப் போகிறவர்கள் இதை நினைக்காமல் போகக்கூடாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டு நாம் சொல்வது இதுதான். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை நமது அரசியலமைப்பின் பத்தாவது விதி குடிமக்களுக்குத் தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துபவர் அதன் எல்லையையும் காக்க வேண்டும். 2012இல் தடுப்புகளை மீறிச் சிலர் நுழைந்தபோது மோதல் மூண்டது, பலர் அடிபட்டார்கள். 2015இல் அதே தலைநகரில் 34 மணி நேரம் கூடியிருந்து, வீதியிலேயே படுத்துறங்கி, எழுந்து தங்கள் குப்பையைத் தாங்களே பொறுக்கிக் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். கூட்டம் என்பது ஒரே மாதிரி இருப்பதில்லை. அதில் நடப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஆனால் அமைதியாக நடப்பது மட்டும் ஒரு போராட்டத்தை அறமாக்கிவிடாது. அதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது. நாம் கேட்கும் விதி நமக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்வோமா? ஏற்போம் என்றால் நாம் கேட்பது நியாயம். மாட்டோம் என்றால் நாம் கேட்பது வெறும் வெற்றி. தராசில் நமக்குக் கூடுதலாக விழும்போதும் ‘இன்னொருக்கா நிறுத்துப் பாருங்கள்’ என்று சொல்ல மனம் வர வேண்டும்.

இந்தச் சோதனை நமக்கு வந்தது. அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் விவகாரமும், அன்றைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் ஏறக்குறைய 260 கோடி வெள்ளி சேர்ந்தது என்ற 2015ஆம் ஆண்டுச் செய்தியும் மக்களைக் கொதிக்க வைத்தன. 2018 மே 9, புதன்கிழமை, வார நடுவில் வாக்களிப்பு வைத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் வாகனத்தில் இடம் கொடுத்தார்கள். பஸ் கட்டணம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் தாமதமாக வந்து சேர்ந்த அஞ்சல் வாக்குச்சீட்டுகளை, விமான நிலையத்தில் ஊருக்குப் புறப்படும் அந்நியர் கைகளில் நம்பிக் கொடுத்தனுப்பினார்கள். சுமார் 82 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். சுதந்திரம் அடைந்து 61 ஆண்டுகளில் முதன்முறையாக மத்திய ஆட்சி மாறியது. முன்னாள் பிரதமர் 2020இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2022 ஆகஸ்ட்டில் சிறை சென்றார். 2024இல் அவருடைய பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை மன்னிப்பு வாரியத்தால் ஆறாகக் குறைக்கப்பட்டது.

மஞ்சள் சட்டை அணிந்த நம்மில் பலர் 2018க்குப் பிறகு என்ன செய்தோம்? சட்டையை மடித்து அலமாரியில் வைத்தோம். ‘இப்போது நம் ஆட்கள் வந்துவிட்டார்கள், கொஞ்ச நாள் விட்டுவிடுவோம்’ என்றோம். முன்பு எதைக் குற்றம் என்றோமோ, அதே காரியத்தை நமக்குப் பிடித்தவர் செய்தபோது அதற்குக் காரணம் தேடினோம். 2020 பிப்ரவரியில் உறுப்பினர்கள் அணி மாறியதால் வாக்காளரைக் கேளாமலே ஆட்சி கவிழ்ந்தபோதுதான் திடுக்கிட்டோம். பெர்சே இயக்கம் நம்மைவிட நேர்மையாக நடந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். ஆட்சி மாறிய பிறகும் அது கேட்பதை நிறுத்தவில்லை. 2019இல் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாக்கவும், வாக்காளரைத் தாமாகவே பதிவு செய்யவும் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 2022இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. இளைஞர்களும் இயக்கத்தினரும் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்திய காரியங்கள் இவை. நம் பேத்திகள் பதினெட்டு வயதில் வாக்களிப்பது அப்படிக் கேட்டவர்களால்தான்.

இவ்வளவு எழுதிவிட்டு, நம் வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, மூன்று ஆண்டுத் திருவிழாக் கணக்கைக் கேட்டார். உண்டியலை யார் முன்னிலையில் திறக்கிறீர்கள், பந்தலுக்கும் மேளத்துக்கும் ரசீது இருக்கிறதா என்றார். “சாமி காசுல கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? உட்காரு தம்பி!” என்று ஒரு குரல் எழுந்தது. நாம் கைதட்டினோம். அவர் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு முதல் அவர் கூட்டத்திற்கு வரவில்லை. ஆலயத்திற்கும் வருவது குறைந்துவிட்டது.

அன்றைய பொருளாளர் நேர்மையானவர். பின்னர் கணக்கை உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. சொந்தப் பணத்தையே அவர் சில செலவுகளுக்குப் போட்டிருந்தார். ஆனால் அதற்குள் நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த நான்கு ஆண்டுகளும் அவருடைய பெயர் தேநீர்க்கடைகளில் அடிபட்டது. மகளின் கல்யாணத்தை எந்தப் பணத்தில் செய்தார் என்று பேசினார்கள். அவர் மனம் நொந்து பதவியை விட்டார். கேட்ட இளைஞரை நாம் அவமதித்தோம். கேட்கப்பட்டவரையும் காப்பாற்றத் தவறினோம். அன்றே விரலை விரித்துக் காட்டியிருந்தால் இருவரும் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள். இப்போது உண்டியல் மூன்று உறுப்பினர்கள் முன்னிலையில் திறக்கப்படுகிறது. தொகை அன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. அந்த இளைஞர் கேட்டது அதைத்தான்.

நாட்டை ஆள்வோரிடம் கேட்கும் கேள்வியை நம் ஆலயத்தில் ஒருவர் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது என்றால், நாம் இன்னும் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்றே பொருள். வீதியில் நடக்கும் தகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்பர் பெருமான் கையில் உழவாரத்துடன் காட்சி தருவதை நாம் தினமும் வணங்குகிறோம். பல்லவ மன்னன் ஆணைக்கு அஞ்சாத அந்தத் திருக்கை, கோயில் கோயிலாகச் சென்று பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியது. ஒருமுறை செதுக்கினால் புல் மறுபடி முளைக்கும் என்பது அவருக்குத் தெரியாததன்று. நம் உழவாரக் குழுவினரும் மாதந்தோறும் அதைக் காண்கிறார்கள். சுத்தம் என்பதைப் பெயராகக் கொண்ட இயக்கத்துக்கும் இது பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

அந்தப் பேத்தி நடக்கட்டும். அமைதியாக நடக்கட்டும், கடைக்காரரின் வாசலை மறிக்காமல் நடக்கட்டும். நடக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் முகவரியும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். அடுத்த தேர்தலில் எண்ணும் முகவராக ஒரு நாள் உட்கார முன்வாருங்கள். எண்ணிக்கை முடிந்து படிவம் 14 கையெழுத்தாகி உங்கள் கைக்கு வரும்வரை எழுந்திருக்காதீர்கள். அதற்கு முன்பாக, நமது ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வாருங்கள். கணக்கறிக்கை முன்கூட்டியே அனுப்பப்படும். படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இளைஞரையும் அழைத்திருக்கிறோம்.